மலைநாட்டுப் பஸ் வண்டி

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதிய கடிதம் கைக்கெட்டியபோது, எதைப்பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. நம் பழைய மாணவர்களுள் மருத்துவர் உளர், பொறியியலாளர் உளர், நியாயவாதிகள் உளர். அவரவர் தத்தம் துறைபற்றி எழுதுவர். நானோ 1978ஆம் ஆண்டு முதல் 2012ஆம் ஆண்டுவரை மலைநாட்டிலே ஆசிரியனாக இருந்தவன். அந்த முப்பத்துநான்கு ஆண்டுகளில் வகுப்பறையில் நின்ற நேரத்தையும் பஸ் வண்டியிலும் பஸ் வண்டிக்காகவும் நின்ற நேரத்தையும் கூட்டிப்பார்த்தால் எது மிகும் என்று துணிந்து சொல்ல இயலாது. ஆகவே எனக்குத் துறைபோகத் தெரிந்தது பஸ் வண்டியே. அதைப்பற்றி எழுத முனைகின்றேன்.

முதலில் நம் கல்லூரியின் நினைவொன்று. காரைநகர்ப் பக்கத்திலிருந்து வந்து படித்தவர்களுள் நானும் ஒருவன். மாரிகாலத்திலே பொன்னாலைத் தாம்போதியில் காற்று வீசும் வீச்சில் எங்கள் பஸ் வண்டி ஆமைபோல் ஊர்ந்து வரும். கல்லூரி வாயிலை நாங்கள் அடையும்போது முதற் பாடம் பாதி கடந்திருக்கும். எங்கள் வகுப்பாசிரியர் மிகக் கண்டிப்பானவர். அவர் பிரம்பின் சுவையை அறியாதார் எம் வகுப்பில் இலர். ஆயினும் காற்றடிக்கும் நாட்களில் அவர் இடாப்பை மூடாமல் மேசைமேல் விரித்தபடியே வைத்திருப்பார். நாங்கள் நனைந்த கோழிகளைப் போல வாயிலில் நின்றதும், ஒன்றும் பேசாமல் எங்கள் பெயர்களுக்கு நேரே அடையாளமிட்டு, பின்பே அதனை மூடுவார். அதன் பொருள் அக்காலத்தில் எனக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு நான் மலையேற வேண்டியிருந்தது.

நியமனக் கடிதத்தோடு நான் முதன்முதலாக மலையேறியது 1978ஆம் ஆண்டு தைமாதத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து புகைவண்டியில் வந்து, பொல்காவலைச் சந்தியில் வண்டி மாறி, விடியற்புறம் அட்டனில் இறங்கினேன். மேடையெங்கும் மூட்டைகளும் தகரப்பெட்டிகளும் மனிதரும். ஒருவரையொருவர் கட்டியணைத்து அழுதுகொண்டிருந்தனர். சாவீடோ என்று அஞ்சி அருகில் நின்ற ஒரு பெரியவரை விசாரித்தேன். "இது ஒப்பாரிக் கோச்சிங்க; இந்தியாவுக்குப் போறாங்க" என்றார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நாடு கடப்போரைத் தலைமன்னாருக்குக் கொண்டுசெல்லும் புகைவண்டிக்கு அம்மக்கள் இட்ட பெயர் அது. மலைநாட்டில் நான் கற்ற முதற் சொல்லும் அதுவே. வாகனத்துக்கும் வாழ்க்கைக்கும் அங்கே இடைவெளி குறைவு என்பதை அப்போதே உணர்ந்திருக்கலாம். அன்று எனக்கு என் பெட்டியை எவரும் கவர்ந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் பெரிதாயிருந்தது.

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் பஸ் வண்டி. டிக்கோயாவைக் கடந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பு ஒருபுறம் மின்ன, வளைந்து வளைந்து நோர்வூட்டை அடையும் பாதை, அங்கே இரண்டாகப் பிரியும். ஒன்று மஸ்கெலியாவுக்கு, மற்றையது பொகவந்தலாவைக்கு. அழகு என்று பார்த்தால் அதற்கு ஈடான பாதை வேறில்லை. ஆனால் அழகைக் காண்பதற்குச் சன்னலோரத்தில் இருக்கை கிடைத்தல் வேண்டும். என் முதற் பயணத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு கொழுந்துக் கூடைகளுக்கும் ஒரு சேவற்கோழிக்கும் இடையே ஒற்றைக்கால் வைக்கும் இடம். நடத்துநர் "இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட" என்று கூவிக்கொண்டேயிருந்தார். முன்னே போங்கள் என்பது அதன் பொருள் என அறிந்தபின், முன்னே எங்கே போவது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எனக்கு முன்னே சாரதியும், அவருக்கு முன்னே பள்ளத்தாக்குமே இருந்தன.

இப்பாதைகள் யாருக்காக வெட்டப்பட்டன என்று ஒருகணம் சிந்தித்தால் இந்த நெருக்கடியின் வேர் தெரியும். புகைவண்டிப் பாதை 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. முதலில் கோப்பி மூட்டைகளும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைப் பெட்டிகளும் துறைமுகத்தைச் சேர்வதற்கே அது போடப்பட்டது. தெருக்களும் அவ்வாறே. அவை தேயிலைத் தொழிற்சாலையின் வாசலைத் தேடிச் செல்லும். லயத்தின் வாசலைத் தேடிச் செல்லா. தொழிலாளியின் லயம் பெருந்தெருவிலிருந்து ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ மேலே, மூடுபனிக்குள் இருக்கும். அங்கிருந்து குறுக்குப் பாதையிலே, தேயிலைச் செடிகளினூடே, அட்டைக்கடி பட்டு இறங்கி வந்தாற்றான் பஸ் வண்டியின் முகத்தைக் காணலாம். தேயிலைப் பெட்டி செல்லும் வழியில் மனிதன் இடைநடுவே ஏறிக்கொண்டவன். அவனுக்கென்று யாரும் வழி வகுக்கவில்லை.

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் கம்பெனிகள் யாவும் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இலாபம் வராத தெருவுக்கும் வண்டி விடவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நான் மலையேறிய ஆண்டிலேயே அச்சபை பிரதேசச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தனியார் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. 2005இல் மறுபடியும் ஒரே சபையாயிற்று. இந்த மாற்றங்கள் கொழும்பிலே வர்த்தமானியில் நிகழ்ந்தன. எங்கள் தரிப்பிடத்தில் நிகழ்ந்த மாற்றம் ஒன்றே ஒன்று: முன்னர் ஒரு வண்டி நிற்காமற் போயிற்று, பின்னர் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நிற்காமற் போயின.

காத்திருத்தலைப் பற்றி எழுதப் புகுந்தால் இம்மலர் முழுவதும் போதாது. மலைநாட்டில் மழைக்கு வானம் கறுக்க வேண்டுமென்பதில்லை. பனிப்புகை இறங்கும், அது கனத்து மழையாகும், மழை மெலிந்து மீண்டும் பனிப்புகையாகும். தகரக் கூரையிட்ட தரிப்பிடத்தில் ஆசிரியனும், கம்பளியால் தலையை மூடிய மூதாட்டியும், காய்ச்சற்காரக் குழந்தையை மார்போடணைத்த தாயும், பள்ளிச் சிறாரும் ஒருவர் மூச்சில் ஒருவர் குளிர்காய்ந்து நிற்பர். தூரத்து வளைவில் இயந்திரத்தின் முனகல் கேட்டதும் எல்லோரும் ஓரடி முன்வைப்பர். வருவது லொறியாக இருக்கும். எல்லோரும் ஓரடி பின்வைப்பர். இவ்வாறு முன்னும் பின்னுமாக நாங்கள் வைத்த அடிகளை நேரே வைத்திருந்தால் கதிர்காமம் போய்ச் சேர்ந்திருப்போம் என்று என் நண்பராகிய கணக்கு ஆசிரியர் சொல்வார். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைப் பருவகாலம். அப்போது நாடெங்குமிருந்து யாத்திரிகர் அட்டனில் இறங்கி நல்லதண்ணிக்குச் செல்வர். நோர்வூட் வரை அவர்களும் நாங்களும் ஒரே வழி. புண்ணியம் தேடுவோரோடு இடத்துக்குப் போட்டியிடுதல் ஆகாது என்று நான் ஒதுங்கி நின்று பாடசாலைக்குப் பிந்திய நாட்கள் பல.

எனக்குப் பிந்தினால் அதிபரின் முகச்சுளிப்பு. தொழிலாளிக்குப் பிந்தினால் அரைப்பேர். இச்சொல்லை அறியாத நம்மவர்க்காகச் சொல்கின்றேன்: தோட்டத்தில் ஒருநாள் வேலை ஒரு 'பேர்' எனப்படும். காலைப் பிரட்டுக்குப் பிந்தி வந்தாலோ, கொழுந்து குறைந்தாலோ அரைநாட் சம்பளமே எழுதப்படும். பிணியுற்ற பிள்ளையை டிக்கோயா வைத்தியசாலையிற் காட்டிவிட்டு மதியத்துக்குள் மலைக்குத் திரும்ப எண்ணிய தாய், பஸ் வண்டி ஒன்று நில்லாமற் போனதால் அன்றைய கூலியை இழப்பாள். கொழும்பிலே பஸ் தவறினால் மனிதனுக்குக் கோபம் வரும். இங்கே பஸ் தவறினால் அடுப்பில் அரிசி குறையும். இவ்விரண்டையும் 'போக்குவரத்து அசௌகரியம்' என்ற ஒரே சொல்லால் பத்திரிகைகள் குறிப்பதை நான் ஒப்புவதில்லை.

எல்லாரினும் மேலாக இடருற்றோர் பள்ளிப் பிள்ளைகளே. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. அவற்றுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுபவை. அதற்குமேற் படிக்க விரும்பும் பிள்ளை பெருந்தெருவுக்கு இறங்கிப் பஸ் ஏறியே ஆகவேண்டும். மாணவருக்குப் பருவச்சீட்டு உண்டு. மாதந்தோறும் ஒரு சிறுதொகை செலுத்தினாற் போதும், மிகுதியை அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டியை நடத்துவோர் பக்கத்திலிருந்து அதனைப் பாருங்கள். பருவச்சீட்டுப் பிள்ளை ஏறினால் அன்றைய பையில் ஒரு காசும் விழாது. ஒரு பெரியவர் நிற்கும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தனியார் வண்டியிலோ அச்சீட்டே செல்லாது, பிள்ளைக்கு அரைக்கட்டணந்தான். நாள்தோறும் உரிமையாளருக்கு ஒரு தொகை கட்டியபின் எஞ்சுவதே சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலி. அவர்களும் வயிற்றுப்பாட்டுக்காரரே. ஆகவே வெள்ளைச் சீருடைகள் நிற்கும் தரிப்பிடம் வந்ததும் வண்டியின் வேகம் கூடும். அல்லது ஐம்பது யார் தள்ளிப்போய் நின்று, இறங்குவோரை இறக்கிவிட்டு, பிள்ளைகள் புத்தகப்பையோடு ஓடி வந்து சேருமுன் இரட்டை மணி அடித்துப் புறப்படும். ஒற்றை மணி நிறுத்தற்கு, இரட்டை மணி செலுத்தற்கு என்பது நம் நாட்டுப் பஸ் இலக்கணம். மலைநாட்டுக் குழந்தை அகரம் கற்குமுன் இதைக் கற்றுக்கொள்ளும்.

நானும் நம் ஆசிரியரைப் பின்பற்றி இடாப்பை விரித்தே வைத்திருந்தேன். அதனாற் சிலர் தப்பினர். எனினும் இடாப்பைத் திறந்து வைக்கலாமேயன்றிப் பரீட்சை மண்டபத்தின் கதவைத் திறந்து வைக்க ஆசிரியனால் முடியாது. நான் எழுத நினைத்த செய்திக்கு இப்போது வருகின்றேன்.

அது 1996ஆம் ஆண்டு. ஜனவரி 31ஆந் திகதி கொழும்பில் மத்திய வங்கிமீதும், ஜூலை 24ஆந் திகதி தெஹிவளையில் புகைவண்டிமீதும் குண்டுத்தாக்குதல்கள் நிகழ்ந்த ஆண்டு. பஸ் வண்டிகள் சோதனைச்சாவடிகளில் நிறுத்தப்படும். எல்லோரும் இறங்கி வரிசையாய் நின்று அடையாள அட்டையைக் காட்டி, மறுபுறம் போய் ஏறவேண்டும். என் அட்டையிற் பிறந்த இடம் யாழ்ப்பாண மாவட்டம் என்றிருக்கும். அதைப் படித்ததும் என்னை மட்டும் வரிசைக்கு வெளியே நிறுத்துவர். பள்ளியின் கடிதத்தையும் ஆசிரியர் சங்க அட்டையையும் ஒவ்வொன்றாகக் காட்டி நான் மீளும்வரை வண்டி முழுவதும் எனக்காகக் காத்திருக்கும். பயணிகள் ஒன்றும் சொல்லார், பார்ப்பர். குடியுரிமைச் சிக்கலால் அடையாள அட்டையே பெறாத தோட்டத்து இளைஞர் சிலரும் என்னோடு நிற்பர். பிரசாவுரிமைச் சட்டங்கள் 1948ஆம் ஆண்டில் ஏற்படுத்திய முடிச்சு முற்றாய் அவிழ 2003ஆம் ஆண்டுவரை செல்லும் என்பது அன்று எமக்குத் தெரியாது. எப்படியாயினும், பஸ் வண்டியில் என்னைப்போன்றவன் குரலை உயர்த்தாதிருத்தலே நலம் என்று அவ்வாண்டில் நான் பழகியிருந்தேன்.

அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்திலே, பதினோராம் வகுப்பினருக்கு நான் ஒரு கதை சொன்னேன். நான் சரித்திர ஆசிரியன். பாடத்திட்டத்தில் இல்லாததைச் சொல்வது எனக்கு எப்போதும் விருப்பம். 1955ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பஸ் வண்டியில் வெள்ளையருக்குத் தன் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துச் சிறைப்பட்டதையும், அதன்பின் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாது நடந்தே சென்று வழக்கில் வென்றதையும் சொன்னேன். பிள்ளைகள் கண்கொட்டாமற் கேட்டனர். ஒரு மாணவி எழுந்து, "நாங்களும் பஸ்ல ஏறாம இருந்தா வெல்லலாமா, சேர்?" என்றாள். நான் விடை கூறுமுன் பின்வாங்கிலிருந்த பையன், "நம்மளத்தான் அவங்களே ஏத்துறது இல்லியே!" என்றான். வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடமாயிற்று. நானும் சிரித்தேன்.

கேள்வி கேட்ட மாணவியைப் பற்றியே சொல்லவேண்டும். அவள் பெயரை எழுதேன். கணக்கில் வல்லவள். தந்தை இல்லை, தாய் கொழுந்து பறிப்பவள். அவர்களுடைய லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இரண்டு கட்டை இறக்கம். சாதாரணதரப் பரீட்சைக்கு எம் பிள்ளைகளுக்கு நோர்வூட்டில் நிலையம் ஒதுக்கப்பட்டிருந்தது. எனக்கு அட்டன் நகரில் வேறொரு நிலையத்தில் நோக்குநர் கடமை. நான் பொகவந்தலாவையில் தங்கியிருந்ததால், காலையில் அட்டன் செல்லும் வண்டியில் தொடக்கத்திலேயே ஏறிவிடுவேன். சன்னலோரத்தில் இருக்கையும் கிடைத்துவிடும்.

கணிதப் பரீட்சை நாள். பனிப்புகை அடர்ந்த காலை. வண்டி நிறைந்திருந்தது, ஆயினும் பின்புறத்தில் நிற்க இடமிருந்தது. அது அரச வண்டியா தனியார் வண்டியா என்பதை இங்கே எழுதவில்லை. இரண்டிலும் அது நிகழ்ந்ததுண்டு. அவளுடைய தரிப்பிடம் வந்தது. அவள் ஒருத்தியே நின்றாள். வெள்ளைச் சீருடை, பரீட்சை அனுமதி அட்டையைப் பொலித்தீன் உறையிலிட்டு மார்போடு பிடித்திருந்தாள். அவள் கையில் இருந்தது பருவச்சீட்டா சில்லறைக் காசா என்று நடத்துநர் எட்டியும் பார்க்கவில்லை. சீருடையைக் கண்டதே போதுமாயிற்று. வண்டி சற்றுத் தள்ளிப்போய் வேகம் தணிந்தது. ஒருவர் குதித்து இறங்கினார். அவள் ஓடி வந்தாள். சன்னலில் என்னைக் கண்டுகொண்டாள். "சேர்! சேர்!" என்று கூவினாள். இரட்டை மணி அடித்தது.

மணிக்கயிறு என் தலைக்கு மேலே தொங்கிற்று. எழவும் வேண்டியதில்லை, கையை உயர்த்தினாற் போதும். ஓர் இழுப்பு, ஒற்றை மணி. வண்டி நின்றிருக்கும், நடத்துநர் ஏசியிருப்பார், அவ்வளவுதான். நான் கையை உயர்த்தவில்லை. அடுத்த வண்டி வரும் என்று எண்ணினேன். எனக்கும் கடமைக்கு நேரமாகிறதே என்று எண்ணினேன். இவன் வாயைக் கிளறினால் அடுத்த சோதனைச்சாவடியில் என்ன சொல்வானோ என்றும் எண்ணினேன். இம்மூன்றையும் ஒருசேர எண்ணுவதற்குள் வளைவு வந்துவிட்டது. பின்னாளில் அந்த அச்சத்தையும், மடியிற் பையை வைத்துச் சாய்ந்திருந்த அந்தச் சுகத்தையும் தராசிலிட்டுப் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கின்றேன். அச்சமே கனத்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசைதான்.

மாலையிலே திரும்பும் வண்டியில் நோர்வூட்டில் ஏறிய பிள்ளைகள் செய்தி சொன்னார்கள். அடுத்த வண்டியும் நிற்கவில்லை. அதற்கு அடுத்தது வரும்வரை பொறுக்கமாட்டாமல் அவள் நடந்தாள், ஓடினாள். பரீட்சை தொடங்கி அரைமணி கடந்தபின் எவரையும் அனுமதியார் என்பது விதி. அவள் வாயிலை அடைந்தபோது அந்த அரைமணியும் கடந்திருந்தது. விதியைக் காத்தவர்மேற் குற்றமில்லை. நானும் அன்று அட்டனில் அதே விதியைத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

மற்றைப் பாடங்களிற் சித்தி எய்தினாள். கணிதம் இன்றி மேல்வகுப்புக்கு வழியில்லை. மறுமுறை எழுதச் சொல்லி நான் லயத்துக்குப் போனேன். தாயார் தேநீர் தந்து உபசரித்தார். "பேர் பதிஞ்சிட்டாங்க, சேர்" என்றார். பிள்ளை மலைக்குப் போயிருந்தாள். சன்னலில் நான் இருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் சொல்லவில்லை போலும் என்று ஆறுதலடைந்தேன். அந்த ஆறுதலையும் இங்கே எழுதிவிடுகின்றேன்.

அதன்பின் நான் மணிக்கயிற்றை இழுக்கும் மனிதனாக மாறினேன். வெள்ளைச் சீருடை கண்ட இடமெல்லாம் ஒற்றை மணி. நடத்துநர்கள் என்னைக் கண்டாலே முகம் திருப்பினர். ஒருவர், "மாஸ்டர் சம்பளம் வாங்காமல் கண்டக்டர் வேலை பார்க்கிறார்" என்று சிங்களத்தில் சொல்ல வண்டியே சிரித்தது. வேறொருவர் எனக்கென்றே கயிற்றை முடிச்சிட்டு உயரத்திற் கட்டினார். நான் குடைக் கைப்பிடியால் இழுத்தேன். சில வேளைகளில் நான் செய்தது பிழையுமாகும். மிதிபலகையிற் பிள்ளைகள் தொங்க, ஒருபுறம் சரிந்து, விளிம்பை உரசிச் செல்லும் வண்டியில் மேலும் மூவரை ஏற்றச் சொல்வது அறமா என்று ஒரு முதிய சாரதி என்னைக் கேட்டார். விடை தெரியாமல் நின்றேன். 2025ஆம் ஆண்டு மே 11ஆந் திகதி கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த செய்தியை யாழ்ப்பாணத்தில் இருந்து படித்தபோது அச்சாரதியின் முகமே முதலில் நினைவுக்கு வந்தது. அவர் ஏற்றாமற் போனதிலும் ஒரு நியாயம் இருந்தது. வண்டிகளைக் கூட்டாமல், நிற்கும் பிள்ளைக்கும் ஓட்டும் சாரதிக்கும் இடையே வழக்கை விட்டுவிட்டவர்கள் வேறெங்கோ இருந்தனர். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமற் போய், ஜூலையில் மிகக் குறைந்த பஸ் கட்டணமே 40 ரூபாவாக உயர்ந்து, பாடசாலைகளும் மூடப்பட்ட நாட்களிற் கொழும்பு மக்கள் தெருவோரங்களிற் காத்துநின்ற படங்களைப் பார்த்தேன். நாட்டுக்கு அது நெருக்கடி. எங்கள் தரிப்பிடத்தில் அது சாதாரண வியாழக்கிழமை.

இனி, நான் ஓய்வுபெற்ற 2012ஆம் ஆண்டுக்கு மீள்கின்றேன். பிரியாவிடைக் கூட்டம் முடிந்த மறுவாரம், எஞ்சிய அலுவல்களை முடித்துக்கொண்டு அட்டன் பஸ் நிலையத்தில் நின்றேன். "சேர்" என்று ஒரு குரல். திரும்பினேன். முப்பது வயது கடந்த ஒரு பெண். அருகே வெள்ளைச் சீருடையில் ஒரு சிறுமி, ஆறாம் வகுப்பு இருக்கலாம். தோட்டத்திற் சில ஆண்டு, கொழும்பிலே ஒரு வீட்டிற் சில ஆண்டு வேலைசெய்து, மணமுடித்து ஊர் திரும்பியிருந்தாள். மகளை அட்டனில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். "கணக்கு நல்லா செய்யிறா, சேர். காலையில நானே கூட வந்து ஏத்திவிட்டுட்டுத்தான் மலைக்குப் போறேன். டிரைவர்மாருக்கெல்லாம் என்னயத் தெரியும்" என்று சிரித்தாள். இன்று அரைநாள் லீவு எடுத்துக் கூட்டிப்போக வந்ததாகவும் சொன்னாள்.

சற்று நேரம் பேசினோம். பின்பு அவளாகவே அந்த நாளை எடுத்தாள். "நீங்க முன் சன்னலோரத்துல இருந்தீங்க, சேர். நான் கத்திக்கிட்டே ஓடியாந்தேன். பஸ் எரைச்சல்ல ஒங்களுக்குக் கேட்டிருக்காது" என்றாள். பதினாறு ஆண்டுகளாக அவள் எனக்காகக் கட்டிவைத்திருந்த நியாயம் அது. அதை அப்படியே வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"கேட்டது, பிள்ளை" என்றேன்.

அவள் என் முகத்தை ஒருகணம் பார்த்தாள். பொகவந்தலாவை வண்டி வந்து நின்றது. கூட்டம் வாயிலை நோக்கிப் பாய்ந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் பையை எடுத்துக்கொண்டாள்.

"ஏறுங்க சேர், சீட்டு போயிரும்" என்றாள்.

சீட்டு போய்த்தான் இருந்தது. நோர்வூட் வரை மூவரும் நின்றுகொண்டே போனோம்.